பெடல் கட்டும்போது ஈயம் பிடிக்கலையா? கண்ணுக்குத் தெரியுற குறைய வச்சு அயனையும் பிட்டையும் சரி பண்றது

கிட்டார் சத்தத்த மாத்துற பெடல் சொந்தமா கட்டணும்னு இறங்குற பசங்க முதல்ல கேக்குறது "அண்ணே எத்தன வாட் அயன் வாங்கறது"ன்னுதான். அயன்னா சோல்டரிங் அயன், பிட்னா அதுல சூடாகி ஈயத்த உருக்குற நுனித் துண்டு, ஈயம்னா சோல்டர். அந்தப் பிட் என்ன வடிவம், நுனி எவ்வளவு அகலம், அது ஈயம் பூசி பளபளன்னு இருக்கா இல்ல கரிக்கட்டை மாதிரி ஆயிருச்சா, இத யாரும் கேக்குறதில்ல, ஆனா வேல கெடுறது பெரும்பாலும் அங்கதான். அதனால மாடல் பேரா அடுக்கி எழுதாம, வேல செய்யும்போது கண்ணுக்கு என்ன குறை தெரியுதோ அங்கருந்து பின்னால போயி, அயனா பிட்டா ஈயமா கரண்டான்னு பிடிக்கிற மாதிரி எழுதிருக்கேன். உங்க குறை எதுவோ அதுக்கு நேரா போயிருங்க, ஆனா முதல் மூணையும் எல்லாரும் ஒருதடவ படிச்சிட்டுப் போங்க.

ஈயம் பிட்டுல ஒட்டவே மாட்டேங்குது, உருண்டு கீழ விழுது

பிட்ட ஆற வச்சு வெளிச்சத்துல பாருங்க. நுனி வெள்ளியா மினுங்கினா நல்ல பிட். மஞ்சளோ நீலமோ ஓடியிருந்தா துரு ஏறத் தொடங்கிருச்சு. மேட் கறுப்பா, தொட்டா சொரசொரன்னு இருந்தா அது மேல ஆக்சைடு படை மூடிருச்சு, அந்தப் படை சூட்ட வெளிய விடாது, நீங்க அயன 450க்கு திருப்பினாலும் உள்ளதான் வேகும், வெளிய வராது. இன்னும் சூட்டக் கூட்டக் கூட்ட படை இன்னும் தடிக்கும். இதுல மாட்டிட்டு "என் அயன் வீக்"ன்னு புதுசு வாங்கப் போறவங்கதான் அதிகம்.

பிட்டுக்குள்ள இருக்கிறது செம்பு, அது மேல மெல்லிசா இரும்புப் பூச்சு, நுனிய விட்டு மத்த இடத்துல ஈயம் ஒட்டாம இருக்க க்ரோம். செம்பு ஈயத்துல கரையும், அதத் தடுக்கத்தான் இரும்பு. இத அரம் போட்டோ மணல் பேப்பர் போட்டோ தேச்சீங்கன்னா அன்னைக்கு நல்லா பிடிக்கும், ரெண்டு வாரத்துல நுனியில குழி விழுந்து பிட் முடிஞ்சிரும். ஆனா 25 வாட் சாதா அயன்ல சிலதுல வர்ற வெறும் செம்புக் கம்பி பிட்ட அரம் போட்டுத்தான் வச்சுக்கணும், அது வேற சாதி. எது எதுன்னு தெரியலைன்னா பழைய ஸ்பீக்கர் காந்தத்த நுனியில வச்சுப் பாருங்க. காந்தம் இழுத்தா பூச்சு இருக்கு, அரம் தொடாதீங்க. இழுக்கலைன்னா வெறும் செம்பு, தேய்க்கலாம்.

கருத்துப் போன பூச்சு பிட்ட மீட்க, சூட்டக் குறைச்சு 250 டிகிரி பக்கம் வைங்க, பித்தளை சுருள்ல நாலு குத்து குத்தி எடுத்து உடனே ப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவுற பிசின்) உள்ள ஈயத்த நுனியில தாராளமா ஓட விடுங்க, திரும்பக் குத்துங்க, திரும்ப ஈயம். ஓரத்துல ஒரு சின்னப் புள்ளி வெள்ளியா மினுங்கத் தொடங்கும், அந்தப் புள்ளி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா பரவும், அது வரைக்கும் பொறுமை வேணும். பரவவே இல்லைன்னா டிப் டின்னர்ன்னு சின்ன டப்பாவுல விக்கிற பொடிக் கலவையில சூடான நுனிய அழுத்தித் திருப்புங்க. அதுக்கும் வரலைன்னா பிட்ட மாத்திருங்க. பாத்திரம் விளக்குற சுருள்ல பித்தளை நிறத்துல இருக்கிறது எல்லாம் பித்தளை இல்ல, நிறம் பூசின இரும்பும் இருக்கு, அதுக்கும் அதே காந்த டெஸ்ட்தான்.

திரும்பக் கருக்காம இருக்க ஒரே பழக்கம் போதும், அயன ஸ்டாண்ட்ல வைக்கும்போது துடைச்சிட்டு வைக்காதீங்க, ஈயத்தோட வைங்க. எடுக்கும்போது துடைங்க. நிறையப் பேர் இத தலைகீழா செய்றாங்க. அப்புறம் டீ குடிக்கப் போனா ஆஃப் பண்ணிட்டுப் போங்க, 400ல சும்மா எரியிற பிட் வேலையே செய்யாம தேயும்.

பகல்ல நல்லா உருகுது, பொழுதுபட்டா உருகல

இது நம்ம இலங்கை மலைநாட்டுப் பக்கத்துக்குன்னே உள்ள வியாதி. தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீடு), ட்ரான்ஸ்பார்மருக்கு தூரமா இருக்கிற கடைசி லைன்ல இருக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, ஆறரை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலயும் லைட்டு, டீவி, ரைஸ் குக்கர், ஹீட்டர்னு ஏறும்போது பல்பு மங்குறது தெரியும். நம்ம கரண்ட் 230 வோல்ட். சாதா அயனுக்குள்ள இருக்கிறது வெறும் கம்பிச் சுருள், அதோட பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி இறங்கும், நேரா இறங்காது. 230 இருந்து 190க்கு வந்தா வோல்டேஜ் ஆறுல ஒரு பங்குதான் குறையுது, ஆனா பவர் மூணுல ஒரு பங்கு போயிரும். 25 வாட்னு எழுதியிருக்கிற அயன் அப்ப 17 வாட். 180க்கு வந்தா 15தான். அதுல பொட் (வால்யூம் மாதிரி திருகுற குமிழ்) லக்கு, அதாவது வயர் ஒட்டுற உலோகக் காது, சூடேத்த உக்காந்தா விடியும்.

மல்டிமீட்டர ஏசி 750 ரேஞ்சுல வச்சு, பகல் ஒண்ணு ராத்திரி ஒண்ணு ப்ளக்ல அளந்து பாத்துக்கங்க, கை கவனம். வித்தியாசம் பெருசா இருந்தா சாதா அயன்ல 40 வாட்டுக்குக் கீழ வாங்காதீங்க, 190 வோல்ட்லயும் 27 வாட் கிடைக்கும். ஆனா அதே 40 வாட் பகல்ல 230 முழுசா வரும்போது கட்டுப்பாடே இல்லாம கொதிக்கும், பிட் சீக்கிரம் கருக்கும். அதுக்குத்தான் சூடு கட்டுப்பாடு உள்ளது வேணும்ங்கிறது. ட்ரான்ஸ்பார்மர் வச்ச ஸ்டேஷன்ல (சூடு கட்டுப்படுத்த தனிப் பெட்டி உள்ள அயன்) வோல்டேஜ் இறங்கினா செட் பண்ணின சூடு வரும், ஆனா மெதுவா வரும், பெரிய ஜாயின்ட்ல மூச்சு வாங்கும். ஸ்விட்சிங் பவர் சப்ளை வச்சது, அதாவது 100 இருந்து 240 வரைக்கும்னு பின்னால போட்டிருக்கிறது, அதுக்கு இது ஒரு பொருட்டே இல்ல. லேப்டாப் சார்ஜர்ல ஓடுற சின்ன அயனுங்களும் அப்படித்தான்.

நுவரெலியா உயரத்துலயும் குளிருலயும்தான் உருகலன்னு சொல்றாங்க சில பேர். 1868 மீட்டர் உயரத்துல தண்ணி 94 டிகிரி பக்கமே கொதிச்சிரும், உண்மைதான், ஆனா ஈயம் உருகுற சூடு கொழும்புலயும் அதேதான் இங்கயும் அதேதான். அறை பத்து டிகிரி குளிர்ந்தா 350 டிகிரி பிட்டுக்கு அது ஒண்ணும் பெரிய நஷ்டமில்ல. கதவத் திறந்து வச்சு காத்து நேரா பிட்டுல அடிக்கிற மாதிரி உக்காராதீங்க, அவ்வளவுதான்.

போர்டுல நல்லா வருது, ஜாக்குலயும் பொட்டுலயும் சுவிட்சுலயும் பிடிக்க மாட்டேங்குது

பிட்ட எடுத்துப் பாக்காமலே சொல்லிரலாம், ஊசி மாதிரி கூரான பிட். அயனோட வர்றது பெரும்பாலும் அதுதான், பாக்க நுணுக்கமான வேலைக்குன்னு தோணும், பெடல் வேலைக்கு அதவிட மோசமான பிட் கிடையாது. கூர் நுனி ஒரு புள்ளியிலதான் தொடும். நுனி வரைக்கும் செம்பு மெலிஞ்சு மெலிஞ்சு போறதால சூடு அங்க வந்து சேர்றதே கஷ்டம். போர்டுல ரெசிஸ்டர் கால் சின்னது, அதுக்கு அது போதும். கிட்டார் வயர் சொருகுற கால் இஞ்சு ஜாக்கோட கிரவுண்ட் (எல்லாத்துக்கும் பொது இணைப்பு) லக்கு ஒரு பெரிய உலோகத் துண்டோட சேர்ந்தது, நீங்க கொடுக்கிற சூட்ட எல்லாம் அது குடிச்சிட்டு இன்னும் கேக்கும்.

உளி மாதிரி தட்டையா உள்ளத எடுங்க. 2.4 மிமீ அகலம் உள்ள உளி பிட் ஒண்ணு இருந்தா ஒரு பெடல் ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் கட்டிரலாம், போர்டும் ஜாக்கும் சேர்த்து. அயனுக்கு ஏத்த மாதிரி பிட் பேர் மாறும், ஹாக்கோ கம்பனி வகையில 900எம் பிட்டுன்னா 2.4டி, டி18ன்னா டி24, டி12ன்னாலும் டி24, டிஎஸ்100, பைன்சில்ங்கிற சின்ன அயன் வகைக்கும் டி24ன்னே பேர் இருக்கு, கேட்டு வாங்க சுலபம். ரெண்டாவது ஒண்ணு வாங்கறதா இருந்தா 1.6 மிமீ உளி, நெருக்கமான போர்டுக்கு. சாய்வா வெட்டின பிசி2 மாதிரி பிட்டும் நல்லா இருக்கும், சாய்வு முகத்துல கொஞ்சம் ஈயம் நின்னுக்கிட்டு வேலைய ஓட்டும். கத்தி பிட் சில பேருக்குப் பழக்கம், வெரோபோர்டுல (நேர் கோடா தாமிரம் ஓடுற ஓட்டைப் போர்டு) பக்கத்துக் கோட்ட தொட்டுரும், எனக்குப் பிடிக்காது.

செய்ற விதத்தையும் பாத்துக்கங்க. லக்கோட ஒரு பக்கத்துல உளியோட தட்டை முகத்த முழுசா ஒட்ட வைங்க, நுனியால குத்தாதீங்க. நடுவுல ஒரு துளி ஈயம் விடுங்க, அதுதான் பிட்டுலருந்து லக்குக்கு சூடு போற பாலம். அப்புறம் மறுபக்கத்துல ஈயக் கம்பிய தொட்டுட்டு நில்லுங்க. ஒரு நொடி ஒண்ணும் நடக்காது, கம்பி சும்மா நிக்கும். அடுத்த நொடி கம்பி தளர்ந்து, ஓட்டைக்குள்ள ஈயம் தானா இழுபட்டுப் போயி, வயரோட இழை ஒவ்வொண்ணும் அடியில தெரியுற மாதிரி மெல்லிசா படிஞ்சு பளிச்சுன்னு ஆகும். அப்ப ஈயத்த முதல்ல எடுங்க, அப்புறம் பிட்ட எடுங்க. ஈயம் லக்கு மேல முத்து மாதிரி உருண்டு நின்னா லக்கு சூடாகல, பிட் மட்டும்தான் சூடு. பழைய லக்கு மங்கலா இருந்தா முதல்ல பிளேடால சுரண்டுங்க.

கிரவுண்ட் வயர பெட்டியிலயே ஒட்டப் பாக்குறவங்களும் இருக்காங்க. 1590பி, 125பி மாதிரி பெடல் பெட்டியெல்லாம் அலுமினியம், அதுல சாதா ஈயம் ஒட்டவே ஒட்டாது, 100 வாட் கொண்டு வந்தாலும். ஒட்டவும் தேவையில்ல, ஜாக்கோட உலோகக் கழுத்து பெட்டியில இறுக்கினாலே கிரவுண்ட் வந்துரும், ப்ளாஸ்டிக் ஜாக்குன்னா ஒரு வளையத் தகடு போட்டு நட்டுல இறுக்குங்க. பிஸ்கட் டின், தேயிலை டின்ல கட்டுறவங்களுக்கு அது வெள்ளீயம் பூசின தகரம், பிட் அகலமா இருந்தா அருமையா ஒட்டும், ஆனா பூட்ஸ் காலோட மிதிக்கிற ஆள் வாசிச்சா டின் நசுங்கிரும், அத முன்கூட்டியே சொல்லிருங்க.

ஸ்டேஷன்ல 350ன்னு காட்டுது, ஈயம் மட்டும் கூழ் மாதிரி இழுக்குது

மூணு இடம் பாக்கணும். முதல்ல பிட் உள்ளுக்குள்ள ஹீட்டர்ல சரியா உக்காந்திருக்கா. 900எம் வகையில பிட் ஒரு தொப்பி மாதிரி ஹீட்டர் மேல போடுறது, மலிவு பிட்ல உள் ஓட்டை கொஞ்சம் பெருசாவோ ஆழம் கூடவோ இருந்தா நடுவுல காத்து நிக்கும், சென்சார் ஹீட்டர் பக்கத்துல இருக்கிறதால அது 350ன்னு நம்பிக்கும், நுனியில 280 கூட இருக்காது. ஆறினதும் பிட்டக் கழட்டி, அதுக்குள்ள ஹீட்டர விட்டு ஆட்டிப் பாருங்க, லொட லொடன்னா பிட்ட மாத்துங்க. மேல நட்டு இறுகியிருக்கான்னும் பாருங்க, சூட்டுல தளரும். டி12, டிஎஸ்100 மாதிரி பிட்டுல ஹீட்டரும் சென்சாரும் பிட்டுக்குள்ளயே நுனிக்குக் கிட்ட இருக்கு, அதனால இந்தப் பிரச்சினை வராது. அதுல கான்டாக்ட் தளர்ந்தா டிஸ்ப்ளேல நம்பர் குதிக்கும்.

அடுத்து ஈயம். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த 60க்கு 40 ஈயம் 183ல இளகத் தொடங்கி 190 பக்கம் முழுசா ஓடும், 63க்கு 37 ஆனது 183ல ஒரே அடியா உருகி ஒரே அடியா இறுகும். பெடலுக்கு 63க்கு 37தான் என் தேர்வு, நடுவுல கூழ் நிலை கிடையாது, கை கொஞ்சம் ஆடினாலும் ஜாயின்ட் கெடுறது குறைவு. காரீயம் இல்லாத (லெட் ஃப்ரீ) வகைன்னு வாங்கியிருந்தா அது 217லயோ 227லயோதான் உருகும், அதுக்கு 30 டிகிரி கூட்டி வைக்கணும். குழாய், தகரம் ஒட்டுற 50க்கு 50 ஈயத்த தவறி வாங்கிட்டா 210 தாண்டித்தான் முழுசா ஓடும், உள்ள ப்ளக்ஸும் இருக்காது. பேரே இல்லாத சுருள்ல என்ன கலந்திருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். தடிப்பு 0.7 இல்ல 0.8 மிமீ எடுங்க, 1.2 மிமீ போர்டுக்கு கூடிப் போகும்.

மூணாவது அந்த டயல். பிடியிலயே 200 இருந்து 450 வரைக்கும் நம்பர் போட்ட 60 வாட் அயன் நம்ம டவுன் கடைகள்லயும் கிடைக்குது, விலைக்குப் பரவாயில்ல, நானே தொடக்கத்துல கட்டுறவங்களுக்கு அதத்தான் சொல்வேன். ஆனா சில மாடல்ல அது உண்மையான சென்சார் இல்ல, வெறும் டிம்மர். நம்பர நம்பாம ஈயம் எப்படி ஓடுதுன்னு பாத்து வைங்க, உங்க அயனுக்கு எந்த இடம் சரின்னு ஒரு மார்க்கர் புள்ளி வச்சிருங்க.

சரி, அப்ப எத வாங்குறது

கையில சல்லி கொஞ்சம்னா அந்த 60 வாட் டயல் அயன், கூடவே 2.4 உளி பிட் தனியா, அது இல்லாம அயன் மட்டும் வாங்காதீங்க. ரெண்டு மூணு பெடலுக்கு மேல கட்டப் போறீங்க, லைன் வோல்டேஜும் ஆடும்னா டி12 ஸ்டேஷனோ பைன்சில் மாதிரி சின்னதோ. பைன்சிலுக்கு 65 வாட் யூஎஸ்பி சி சார்ஜர் வேணும், போன் சார்ஜர்ல போட்டுட்டு சூடு ஏறலன்னு சொல்லாதீங்க. கரண்ட் இல்லாதப்ப த்ரீவீல் பேட்டரியில ஓட்டலாமான்னு கேப்பாங்க, ஓடும், ஆனா அந்த பிட்டுங்க 8 ஓம் அளவு, 12 வோல்ட்ல 18 வாட்தான் வரும், 20 வோல்ட்ல 50 வாட். போர்டு வேல செய்யலாம், ஜாக்கு வேலைய கரண்ட் வந்ததும் வச்சுக்கங்க.

கொழும்புக்குப் போற வேல இருந்தா புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல ஏறி இறங்குங்க, பிட்டு, ஈயம், ஐசி எல்லாம் ஒரே நடையில முடியும். பிட் வாங்கும்போது பழைய பிட்ட கையில கொண்டு போங்க, கடைக்காரர் கிட்ட பேர் சொல்றத விட அத நீட்டுறது மேல்.

தட்டினா கரகரங்குது, சத்தம் வந்து வந்து போகுது

பெடல ஓட விட்டு, சாப்ஸ்டிக் மாதிரி ஒரு மரக் குச்சியால ஒவ்வொரு ஜாயின்டா மெல்லத் தட்டிட்டு வாங்க, ஸ்க்ரூ ட்ரைவரால வேணாம், ஷார்ட் ஆகும். எங்க தட்டினா கரகரங்குதோ அதுதான். பெரும்பாலும் போர்டுல இருக்காது, ஜாக்குலயும் சுவிட்சுலயும் கிரவுண்ட் எல்லாம் ஒண்ணா சேர்ற லக்குலயும்தான் இருக்கும், ஏன்னா அங்கதான் சூடு பத்தாம போறது. ஒரே லக்குல நாலு வயர் முறுக்கி வச்சிருந்தா மேல ரெண்டுல மட்டும் ஈயம் ஓடி, அடியில உள்ளது சும்மா தொட்டுக்கிட்டு நிக்கும்.

மங்கலா, குருணை குருணையா, வெடிச்ச மாதிரி கோடு விழுந்திருந்தா இறுகுறப்ப ஆடியிருக்கு. காரீயம் இல்லாத வகை ஈயம் நல்லா ஒட்டினாலும் மங்கலாத்தான் தெரியும், அத வச்சு மட்டும் சந்தேகப்படாதீங்க, ஓரம் எப்படி இருக்குன்னு பாருங்க, சரிவா வழிஞ்சு உலோகத்தோட ஒட்டியிருந்தா நல்லது, உருண்டையா தூக்கி நின்னா கெட்டது. சரி பண்ண, மேல இன்னும் ஈயம் ஏத்தாதீங்க. ஒரு துளி ப்ளக்ஸ் தடவி, அகல பிட்டால திரும்ப உருக்கி, ஆடாம ஆற விடுங்க. ஈயம் ஏற்கனவே கூடியிருந்தா உறிஞ்சிட்டு புதுசா போடுங்க.

தாமிரக் கோடு போர்ட விட்டு உரிஞ்சி வந்துருச்சு

சூடு கூடிப் போச்சுன்னு எல்லாரும் டெம்பரேச்சரக் குறைப்பாங்க. பாதி நேரம் காரணம் வேற, கருத்த பிட், இல்லைன்னா கூர் பிட், அதால பத்து நொடி அழுத்திப் பிடிச்சிருப்பாங்க. தாமிரத்த போர்டோட ஒட்டியிருக்கிற பசை அந்த நீண்ட நேரச் சூட்டுலயும் அழுத்தத்துலயும்தான் விட்டுப் போகுது. நல்லா ஈயம் பூசின உளி பிட் 330ல ரெண்டு மூணு நொடி தொட்டு எடுக்கிறது, கருத்த பிட் 300ல பத்து நொடி அழுத்துறத விட போர்டுக்கு நல்லது. பிட்ட போர்டுல அழுத்தவே வேணாம், பேனா வைக்கிற கனம் போதும்.

உரிஞ்சதுக்கு, தொங்குற துண்ட பிளேடால வெட்டிட்டு, வெட்டிப் போட்ட ரெசிஸ்டர் கால எடுத்து காம்பொனன்ட் காலுக்கும் அந்தக் கோடு போய்ச் சேர வேண்டிய அடுத்த ஜாயின்டுக்கும் நேரா பாலம் போடுங்க. வெரோபோர்டுன்னா அதே கோட்டுல அடுத்த ஓட்டை.

மிதிச்சா மாறல, இல்ல ரெண்டு பக்கமும் ஒண்ணாவே இருக்கு

இது பெடல்ல காலால மிதிக்கிற 3பிடிடி சுவிட்சு. ஒன்பது லக்கு, அது உக்காந்திருக்கிறது ப்ளாஸ்டிக்ல. லக்கு ரொம்ப நேரம் சூடானா ப்ளாஸ்டிக் இளகி லக்கு சாயும், உள்ள இருக்கிற கான்டாக்ட் நகர்ந்துரும், உள்ள போட்ட கிரீஸ் உருகி கான்டாக்ட் மேல படியும். மலிவு சுவிட்சுல இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மீட்டர பீப் சத்தத்துல வச்சு நடு வரிசை லக்குல ஒரு முனை, மேல் வரிசை லக்குல ஒரு முனை வைங்க. மிதிச்சா பீப் மேல இருந்து கீழ் வரிசைக்கு மாறணும், மூணு நிரையிலயும். மாறலன்னா சுவிட்ச் போச்சு, மேலயே நோண்டிக்கிட்டு இருக்காதீங்க. புதுச அயன்கிட்ட கொண்டு போறதுக்கு முன்னாலயே இதே டெஸ்ட் பண்ணிருங்க, கடையிலருந்தே கெட்டு வர்றதும் உண்டு, அப்புறம் உங்க மேல நீங்களே பழி போட்டுக்குவீங்க.

போடும்போது, வயர் நுனிக்கு முன்னாடியே ஈயம் பூசி வச்சுக்கங்க, லக்குக்கு ரெண்டு மூணு நொடிக்கு மேல வேணாம், ஒரு லக்கு முடிஞ்சா பக்கத்துத போடாம எதிர் மூலைக்குப் போங்க, ஆற நேரம் கிடைக்கும். சுவிட்சுக்குன்னு சின்ன போர்டு விக்கிறாங்க, ஒன்பது லக்கையும் அதுல சொருகி ஒட்டுறது, அது இருந்தா வேல பாதி. பிவிசி வயரோட தோல் சூட்டுக்கு பின்னால சுருங்கிப் போயி பக்கத்து லக்குல தொட்டா ஷார்ட்டு, அதுக்கு சிலிக்கான் இல்ல டெஃப்லான் தோல் வயர் நல்லது.

ட்ரான்சிஸ்டர் சூட்டுல செத்துப் போச்சு

அனேகமா சாகல. இன்னைக்கு வர்ற சிலிக்கான் ட்ரான்சிஸ்டர் ஒரு ஒழுங்கான ஜாயின்ட்டுக்கெல்லாம் சாகாது. தலைகீழாப் போட்டிருப்பீங்க. 2என்3904, 2என்5088 இதையெல்லாம் தட்டைப் பக்கத்த உங்களுக்கு நேரா வச்சுப் பாத்தா இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547, பிசி549 அப்படியே திரும்பி கலெக்டர், பேஸ், எமிட்டர். நம்ம கடைகள்ல பிசி வகைதான் சுலபமா கிடைக்கும், இணையத்துல எடுத்த லேஅவுட் 2என் வகைக்கு வரைஞ்சிருக்கும், படத்துல உள்ள மாதிரியே சொருகினா சத்தம் சன்னமா, அசிங்கமா வரும், சில நேரம் வரவே வராது.

ஜெர்மேனியம் வேற கதை, அதுக்கு உண்மையிலயே சூடு ஆகாது. 1966ல வந்த ஃபஸ் ஃபேஸ்ங்கிற பெடல் வெறும் ரெண்டு ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கப்பாசிட்டர், ரெண்டு பொட், முதல் பெடலுக்கு அத விட நல்ல சர்க்யூட் கிடையாது. ஆனா ஏசி128 மாதிரி பழைய ஜெர்மேனியம் தேடிப் பிடிச்சு வாங்கியிருந்தா நேரா ஒட்டாதீங்க, சாக்கெட் போட்டு கடைசியா சொருகுங்க. சாக்கெட் இல்லைன்னா கால நீளமா விட்டு, உடம்புக்கும் ஜாயின்டுக்கும் நடுவுல ஒரு முதலை க்ளிப் மாட்டுங்க, சூட்ட அது வாங்கிக்கும். பாலிஸ்டைரின் கப்பாசிட்டருக்கும் அதே க்ளிப், அதோட உடம்பு சூட்டுல கண்ணு முன்னால சுருங்கும்.

ஈயம் வால் மாதிரி நீளுது, பக்கத்துக் கோட்டோட ஒட்டிக்குது

ப்ளக்ஸ் எரிஞ்சு போன பிறகும் நோண்டிக்கிட்டு இருக்கீங்க. பிட்டத் துடைங்க, ஒரு துளி ப்ளக்ஸ் வைங்க, சுத்தமான பிட்டால ஒருதடவ தொட்டு இழுங்க, போயிரும். போகலைன்னா ஈயத்த உறிஞ்சுற செம்பு வலை நாடா. நாடாவுக்கும் அகல பிட்டுதான், கூர் பிட்டால நாடா போர்டுலயே ஒட்டிக்கிட்டு தாமிரத்தையும் பிச்சிட்டு வரும்.

கட்டும்போது நல்லா இருந்துச்சு, மழைக்காலம் போனதும் ஜாயின்ட்ல பச்சை பூத்திருக்கு

பனியும் மழையும் மாறி மாறி அடிக்கிற இடத்துல இது கட்டாயம் வரும், நீங்க போட்ட பேஸ்ட் தப்பா இருந்தா. தகரம், பாத்திரம் ஒட்டுறவங்க பாவிக்கிற பேஸ்ட்லயும் திரவத்துலயும் துத்தநாக குளோரைட் இருக்கும், அமிலத்தன்மை. ஒட்டும்போது அற்புதமா ஓடும், அதனால ஆசையா இருக்கும், ஆனா மிச்சம் நிக்கிறது காத்து ஈரத்த இழுத்து செம்ப அரிக்கும். போர்டுக்கு ரோசின் ப்ளக்ஸ் மட்டும். பிட்டுக்கும் அந்த அமிலம் எமன்தான், இரும்புப் பூச்ச தின்னுரும்.

ரோசின் மிச்சமே கூட ஈரத்துல ஒட்டும் பிசினா தூசியப் பிடிச்சு வைக்கும். பெடலோட இன்புட்டுல 1 மெகா ஓம் மாதிரி பெரிய ரெசிஸ்டன்ஸ் இருக்கிற இடத்துல இந்த அழுக்கு வழியா கொஞ்சம் கசிஞ்சாலே சத்தம் சொரசொரக்கும். ஐசோப்ரோபைல் அல்கஹால், பழைய டூத் பிரஷ், தேச்சு துணியால ஒத்தி எடுங்க. பார்மசியில சர்ஜிகல் ஸ்பிரிட் கொடுப்பாங்க, அதுல சிலதுல எண்ணெய் கலந்திருக்கும், போர்டுல பிசுபிசுப்பு நிக்கும், அது வேணாம். ஏற்கனவே பச்சை பூத்த ஜாயின்ட்ட கழுவி, பழைய ஈயத்த முழுசா உறிஞ்சி, புதுசா போடணும்.

குளிருக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் மூடிட்டு ஈயம் ஒட்டாதீங்க, அந்தப் புகை ப்ளக்ஸ் புகை, நெஞ்சுக்கு ஆகாது. வேல முடிஞ்சு கை கழுவாம ரொட்டியத் தொடாதீங்க.

அயன் நுனி தொட்டா சுள்ளுங்குது, ஐசி ஒண்ணு ரெண்டு காரணமில்லாம போகுது

ரெண்டு பின் ப்ளக் உள்ள அயனா பாருங்க. அதுல எர்த் கிடையாது, ஹீட்டர்லருந்து கசியிற கரண்ட் நுனியில நிக்கும், ஆளுக்கு சுள்ளுன்னு இருக்கும், சிடி4049, பிஎஸ்170 மாதிரி பாகத்துக்கு அதுவே சாவு. மூணு பின் அயன்னா ப்ளக்கக் கழட்டிட்டு, மீட்டர ஓம்ல வச்சு எர்த் பின்னுக்கும் பிட்டோட நுனிக்கும் அளங்க. ரெண்டு ஓமுக்குள்ள இருக்கணும். கூட இருந்தா பிட்டு ஹீட்டர்ல உக்கார்ற இடத்துல துரு, கழட்டித் துடைச்சுப் போடுங்க. எதுவுமே காட்டலன்னா உள்ள எர்த் வயர் இணைக்கவே இல்ல, அந்த அயன மாத்துறதுதான் புத்தி.

அயன்ல எர்த் இருந்தும் வீட்டு ப்ளக்ல எர்த் இல்லாத லயங்களும் இருக்கு, அதையும் ஒரு வயர்மேன் கிட்ட காட்டிருங்க. அதுவரைக்கும் ஐசிய நேரா ஒட்டாம எட்டு கால் சாக்கெட் ஒட்டி, அயன் ப்ளக்க பிடுங்கின பிறகு டிஎல்072வோ 4558வோ சொருகுங்க, சொருகுறதுக்கு முன்னால பெட்டிய ஒருதடவ தொட்டுக்கங்க. ஐசிக்கு மேல இருக்கிற பள்ளம் எந்தப் பக்கம்னு சாக்கெட்டோட பள்ளத்தோட ஒத்துப் பாருங்க, ஒன்பது வோல்ட் ஜாக்குல நடு முனை மைனஸ்தான்னும் பாத்துட்டு அப்புறம் பவர் கொடுங்க.